மாலைக்கு ஒரு முகம், பலகைக்கு ஒரு முகம்

ஆம்பூர்
9.6.2024, ஞாயிறு இரவு

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். குளியலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது.

போகும்போது நீ கேட்டாய்: "எங்க அத்தா போட்டோ அந்த சினிமாக்காரங்க கைக்கு எப்படிடீ போச்சு?" தெரியாது என்றேன். தெரியும். நான்தான் கொடுத்தேன்.

போன காலாண்டு விடுமுறையில், மூடிக் கிடக்கும் பழைய தோல் ஷெட்டில் படம் எடுத்தார்களே, உள்ளே போலீஸ் ஸ்டேஷன் போல செட் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த எங்களிடம் ஒருவன் வந்து, "வீட்டு ஆளுங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தா கொண்டாங்க, செவுத்துல ஒட்டணும், படத்துல வரும்" என்றான். உன் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை நான்தானே எழுதித் தந்தேன். அதில் மிச்சமான உன் அத்தா ரஃபி மாமாவின் போட்டோ ஒன்று என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அதையும் எங்கள் அப்பா போட்டோ ஒன்றையும் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரே சுவரில் இருப்பார்கள், தியேட்டரில் பார்த்து நீ கத்துவாய் என்று நினைத்து உன்னிடம் சொல்லவில்லை.

படம் வந்தது. அமைச்சர் வண்டிக்குக் குண்டு வைக்கிறார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நம் ஊருக்கு வருகிறார். அவர் முன்னால் தேடப்படுகிறவர்கள் போட்டோ ஒட்டிய பலகை. அதில் ரஃபி மாமா முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடுத்த சுவரில் எங்கள் அப்பா, குண்டு வெடித்துச் செத்த போலீஸ்காரராக, மாலையோடு. அதிகாரி மாமாவை விரலால் தட்டுகிறார். அப்பாவுக்கு சல்யூட் அடிக்கிறார்.

மாமா வருகிற அந்த ஆறு நொடியை மட்டும் யாரோ வெட்டி, "இவன் நம்ம ஏரியாவில் சுற்றுகிறான், உஷார்" என்று போனில் அனுப்பிவிட்டார்கள். சினிமா என்று யாரும் எழுதவில்லை.

இதை நாளைக்கே உனக்கு அனுப்புவேன்.

உன் மெர்சி

(அனுப்பவில்லை. கிழித்துப் போட்டால் குப்பையில் அம்மா கண்ணில் படும். அதனால் பைபிளுக்குள் வைத்தேன்.)

*

ஆம்பூர்
16.6.2024

அன்புள்ள ஃபரீதாவுக்கு மெர்சி எழுதுவது,

நீங்கள் அனைவரும் பெரியமேட்டில் உன் மாமு வீட்டில் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரஃபி மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? உன் அம்மி இரவில் தூங்குகிறார்களா? இங்கே நானும் அம்மாவும் சுகம்.

உன் நம்பர் அணைந்தே கிடக்கிறது. கண்டவன் எல்லாம் கூப்பிட்டுத் திட்டியதால் சிம்மைக் கழற்றியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். உங்களோடு பேச வேண்டாம் என்கிறாள். அம்மாவைத் தப்பாக நினைக்காதே. "நன்றி கெட்டவ இல்லடி நானு. உங்கப்பா கழிவுத் தொட்டியில செத்தப்போ, சூப்பர்வைசர்தான் எறங்கச் சொன்னான்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டது ரஃபி அண்ணன் ஒருத்தர்தான். அதுக்காக அவர் வேலையும் போச்சு. எல்லாம் தெரியும். ஆனா பயமா இருக்குது" என்றாள்.

அதனால் கடிதம். பதில் எழுதினால் பள்ளிக்கூட வாசலில் பூ விற்கும் பட்டம்மாள் அக்கா பெயருக்கு எழுது. அக்கா படிக்கத் தெரியாதவர், யாரிடமும் சொல்ல மாட்டார்.

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது. உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. போட்டோ எப்படிப் போனது என்று ஏதாவது தெரிந்ததா?

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
மெர்சி

*

பெரியமேடு, சென்னை
2.7.2024

அன்புத் தோழி மெர்சிக்கு,

ஃபரீதாவின் சலாம். உன் கடிதம் கிடைத்தது. அல்லா கிருபையில் உயிரோடு சுகமாக இருக்கிறோம். மரியம்மாள் ஆன்ட்டிக்கு முதுகு வலி குறைந்ததா? ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் எப்படிக் குறையும்.

அத்தா உருது மீடியத்தில் படித்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது என்று உனக்குத் தெரியும். உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். ஆன்ட்டி சொன்னதைப் படித்ததும், "பாவம், தனி மனுஷி. பயப்படத்தான் செய்யும்" என்றார். நான் நிறுத்திவிட்டேன். "படி, படி. அந்தப் பொண்ணு எழுத்து நல்லா இருக்குது" என்றார்.

இங்கே தோல் மண்டிகள் நிறைய. இருபத்தாறு வருஷம் தோலை ரகம் பிரித்தவர், கை வைத்தாலே சொல்லிவிடுவார். மூன்று மண்டியில் வா என்றார்கள். மூன்றிலும் மறுநாள் போனை எடுத்து அத்தா முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். மூன்றுமே எங்கள் ஆட்கள் மண்டிதான். "பாய், நீங்க தப்பு பண்ணலன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா எங்களுக்கு வம்பு வேணாம்" என்றார்களாம்.

போன வருஷம் வரலாற்று டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரன் சில சாதிக்காரர்களைப் பிறக்கும்போதே திருடர்கள் என்று சட்டம் போட்டு, ரேகை எடுத்து, தினமும் ஸ்டேஷனில் வந்து நிற்கச் சொன்னான் என்று. நீ எழுந்து, "டீச்சர், அவன் போனதும் அந்த லிஸ்டை என்ன பண்ணாங்க?" என்று கேட்டாய். டீச்சர் சிரித்தார். நான் இப்போது அதையே நினைக்கிறேன். வெள்ளைக்காரன் இல்லை. அத்தா முகத்தை அந்தப் பலகைக்கு எடுத்து வைத்தது யார்?

பதில் போடு. உன்னை விட்டால் எனக்கு எழுத அங்கே ஆளில்லை.

ஃபரீதா

*

ஆம்பூர்
21.7.2024

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

மாமா, அம்மி, நீ அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால் தாமதம். இப்போது பரவாயில்லை. வெயில் ஜாஸ்தி.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். மறைத்தால் வேறு யாராவது சொல்வார்கள். அப்பா படத்தில் மாலையோடு வருகிற காட்சியை அம்மா போனில் நிறுத்தி, ஷபீ அஹமது பாய் ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டாள். தெருவே வந்து பார்த்தது. அப்பா செத்தபோது கம்பெனியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை, உனக்கு நினைவிருக்கும். மூடி போட்ட வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். "கடசீல ஒருத்தன் என் புருஷனுக்கு சல்யூட் அடிச்சான் பாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். எதிர்வீட்டு அன்னம்மாள் அக்கா, "அது நடிப்புடி மரியம்மா" என்றார். "உங்களுக்கெல்லாம் நிஜத்துல கூடக் கெடைக்காது, போ" என்று அம்மா சண்டைக்குப் போய்விட்டாள்.

உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. மன்னித்துக்கொள்.

அப்பா போட்டோ எப்படிப் போனது என்று அம்மா என்னைக் கேட்டாள். கம்பெனி அடையாள அட்டையிலிருந்து எடுத்திருப்பார்கள் என்று சொன்னேன்.

அன்புடன்,
மெர்சி

*

பெரியமேடு
18.8.2024

மெர்சிக்கு,

சுகம்தானே? காய்ச்சல் விட்டதா? இங்கே உடம்புக்குக் குறைவில்லை.

காசி அங்கிள் போட்டோ பற்றி நீ எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. அத்தாவுக்குப் படித்தபோது சிரித்தார். "காசி போலீஸ் ஆயிட்டானா? ஊதக் காத்தடிச்சா உழுந்துடுவான்" என்றார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு மண்டிக்காரர் வழி சொன்னார். அத்தா மேல் எந்த வழக்கும் இல்லை, இது சினிமா படம் மட்டும்தான் என்று ஸ்டேஷனில் ஒரு காகிதம் வாங்கி வந்தால் வேலை தருகிறாராம். அத்தா ஆம்பூருக்கு வந்து மனு கொடுத்தார். உன் வீட்டுத் தெரு வழியாகத்தான் நடந்தாராம். கதவு சாத்தியிருந்ததாம்.

படக் கம்பெனிக்காரர்கள், "போட்டோ கொடுத்தவர்கள் எல்லாம் சம்மதித்துத்தான் கொடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஸ்டேஷனில், "நீங்க கொடுக்கலைன்னா கொடுத்த ஆள் யாரு? அந்த ஆள் வந்து, ரஃபிக்குத் தெரியாம நான்தான் கொடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா காகிதம் தர்றோம்" என்கிறார்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அம்மிக்கு ஷபீ பாய் மேல் சந்தேகம். அந்த போட்டோ அவர் ஸ்டுடியோவில் எடுத்தது. அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "ஷபீ எனக்கு நாப்பது வருஷ தோஸ்த். என் முகத்தை விப்பானா?" என்கிறார். முதல்நாள் அப்படிச் சொன்னார். இப்போது அம்மி பேசும்போது சும்மா இருக்கிறார்.

நீ அங்கேதான் இருக்கிறாய். ஷூட்டிங் சமயத்தில் ஷபீ பாய் அந்த ஷெட் பக்கம் வந்ததைப் பார்த்தாயா? யோசித்து எழுது. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஃபரீதா

*

ஆம்பூர்
22.9.2024

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

அனைவரும் நலமா? நாங்கள் நலம். காலாண்டுத் தேர்வு இருந்ததால் எழுத முடியவில்லை. இயற்பியல் கடினமாக இருந்தது. பட்டம்மாள் அக்கா உன்னை விசாரித்தார். மல்லி விலை ஏறிவிட்டது என்று ஒரே பேஜார்.

நீ கேட்டது பற்றி. எனக்குச் சரியாக நினைவில்லை.

மாமாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

மெர்சி

*

பெரியமேடு
9.10.2024

என் உயிர்த் தோழி மெர்சிக்கு,

நீயும் ஆன்ட்டியும் ஆயிரம் வருஷம் சுகமாக இருக்க வேண்டும். நல்ல செய்தி. அத்தா கைக்குக் காகிதம் வந்துவிட்டது! திங்கட்கிழமையிலிருந்து மண்டிக்குப் போகிறார். நான்கு மாதத்துக்குப் பிறகு அம்மி பிரியாணி செய்தார்.

நாங்கள் சந்தேகப்பட்டது சரிதான். ஷபீ பாய்தான். அவரே ஸ்டேஷனுக்குப் போய், "சினிமாக்காரங்க கேட்டாங்க, நான்தான் கொடுத்தேன், ரஃபிக்குத் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். மனசாட்சி உறுத்தியிருக்கும். அத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. போனில் அவர் நம்பரைத் தடுத்துவிட்டார். "அவன் மவுத்தானாலும் அடக்கத்துக்குக்கூட நான் போக மாட்டேன்" என்றார். அத்தா யாரைப் பற்றியும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். இனி அவர் கடைக்கு யார் போகிறார்கள் என்று பார்க்கிறேன். நீயும் போகாதே.

உன் ஃபரீதா

*

ஆம்பூர்
27.10.2024, இரவு

ஃபரீதாவுக்கு,

அனைவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் ஷபீ பாய் ஸ்டுடியோவுக்குப் போனேன். கடையில் யாரும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பாஸ்போர்ட் சைஸா?" என்றார்.

"நீங்க ஏன் பாய் அப்படி எழுதிக் கொடுத்தீங்க? நீங்க கொடுக்கலையே" என்றேன்.

துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மா உங்கப்பா படத்தைப் பிரிண்ட் போடக் கொண்டாந்தப்பவே தெரியும். காசி போட்டோ, ரஃபி போட்டோ ரெண்டும் நான் எடுத்தது. அது ரெண்டும் ஒரே கையில எங்க இருக்கும்? உன் கைலதான இருக்கும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? ஸ்டேஷன்ல போயி ஒரு பொட்டப்புள்ள பேரை எழுதச் சொல்றியா? ரஃபிக்குக் காகிதம் வேணும். எவன் கையெழுத்தா இருந்தா இன்னா. அவன் கோவம் ரெண்டு மாசம் இருக்கும், போயிடும்."

"போகலன்னா?"

"நீ வீட்டுக்குப் போ. உங்கம்மா தேடும்."

ஃபரீதா, போட்டோ கொடுத்தது நான். உன் விண்ணப்பத்தில் மிச்சமானது. ஜூன் மாதமே இதை உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்தேன். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் அதிலும் நான் ஒன்றை எழுதவில்லை. தனியாக உட்கார்ந்து எழுதியபோதுகூட எழுதவில்லை.

அந்த ஆள் கையில் இரண்டு கவர் வைத்திருந்தான். என் கையிலிருந்து இரண்டு போட்டோவையும் வாங்கினான். மாமா ஒரு தோலை ரகம் சொல்ல அதை இரண்டு பக்கமும் திருப்புவார், வெளிச்சத்தில் பிடிப்பார், விரலால் தடவுவார். அவன் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. தாடியும் தொப்பியும் இருந்த மாமாவை ஒரு கவரில் போட்டான். அப்பாவை இன்னொன்றில் போட்டான். "அது இன்னாண்ணா, இது இன்னாண்ணா?" என்று கேட்டேன். "அது பலகைக்கு, இது மாலைக்கு" என்றான். பலகைக்கான கவர் திறந்திருந்தது. உள்ளே இருந்த முகங்கள் எல்லாம் தாடி. எனக்குப் புரிந்துவிட்டது. மாமா போட்டோவைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இரண்டையும் கொடுத்துவிடுவான் என்று தோன்றியது. அப்பா அந்தக் கவரில் இல்லை, அது போதும் என்று வந்துவிட்டேன்.

தனித்தாளில் நடந்ததை எழுதி, கா. மெர்சி என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் கொடுப்பதானால் கொடுங்கள். ஷபீ பாயிடம் மாமா பேசட்டும். நாளை அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் அம்மாவிடமும் சொல்லிவிடுவேன்.

மெர்சி

*

ஆம்பூர்
1.12.2024

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

நலமா? ஐந்து வாரமாகப் பட்டம்மாள் அக்காவிடம் தினமும் கேட்கிறேன். நேற்று அக்காவே, "வரலைன்னா நானே சொல்ல மாட்டனா, சும்மா வந்து நிக்காத கண்ணு" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று சுவரோரம் நின்றுகொண்டுதான் சொன்னேன். அடிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று இரவு, "அண்ணனை அந்தக் கவர்ல போடறத நீ பாத்துட்டு நின்னியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். படத்தை அவள் இன்னும் கழற்றவில்லை. ஆனால் யாராவது வந்தால் இப்போது அதைக் காட்டுவதில்லை.

ஷபீ பாய் ஸ்டுடியோவில் மூன்று வாரமாக ஷட்டர் இறங்கியிருக்கிறது. பெங்களூருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். மாமா பேசினாரா? என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

மெர்சி

*

பெரியமேடு
12.1.2025

மெர்சி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தைப் பத்து நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். பிறகு அத்தாவுக்குப் படித்தேன்.

ஷபீ பாய் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் தெரிந்ததும் அத்தா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ரயில்வே ஸ்டேஷன். ஆம்பூரில் ஷட்டர் மூடியிருந்தது. அங்கே இங்கே விசாரித்து டிசம்பர் கடைசியில் பெங்களூர் போனார். சிவாஜி நகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆர்டருக்கு லைட் பிடிக்கிற வேலை செய்கிறாராம் ஷபீ பாய். நாற்பது வருஷம் சொந்தக் கடை வைத்திருந்தவர். அவர் ஆம்பூர் கடைக்கு நாங்கள் சொன்ன பிறகு ஒருவரும் போகவில்லை. நான் உனக்கு எழுதினேனே, யார் போகிறார்கள் பார்க்கிறேன் என்று. ஒருவரும் போகவில்லை.

அத்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். குடும்பத்தை விசாரித்தாராம். "மன்னிச்சிடு ஷபீ" என்று அத்தா சொன்னதற்கு, "நீ நம்பிட்டல்ல ரஃபி" என்றாராம். அப்புறம், "வேலை இருக்கு, வர்றேன்" என்று உள்ளே போய்விட்டாராம். அவ்வளவுதான் அத்தா சொன்னது.

நீ கையெழுத்துப் போட்ட தாள் அத்தாவின் சட்டைப் பையில் இருந்தது. ஷபீ பாயிடம் கொடுத்திருக்கிறார். அவர் அதை வாங்கவில்லை. இப்போது அலமாரியில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்று அத்தா சொல்லிவிட்டார். அதனால் நீ பயப்பட வேண்டாம்.

அந்த இரண்டு கவர் பற்றி நீ எழுதிய பக்கத்தை நான் அத்தாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ தெரியாமல் கொடுத்துவிட்டாய் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று அம்மியிடம் உனக்காகச் சண்டை போடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருக்கிறேன். அந்தப் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் படித்துக் காட்டு என்று அத்தா கேட்பார்.

ஆன்ட்டி நலமா என்று கேட்டு எழுதச் சொன்னார் அத்தா. கேட்டுவிட்டேன்.

ஃபரீதா